பறவைக் காய்ச்சல் சமயத்தில் கிறிஸ்துமஸ் வாத்துக்கறி

வணக்கம் சகோதரி. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போது, ஆலப்புழையில் உங்கள் மாமியார் வீட்டு விருந்தில் பிள்ளைகளுக்கு வாத்துக்கறி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக வெந்த கறி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். உள்ளே எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அந்த வைரஸ் செத்துவிடும்; கொதிக்கும் குழம்பின் சூடு அதைவிட அதிகம். எலும்பை ஒட்டிச் சிவப்பு தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை சாப்பிடுவதைப் பற்றி இல்லை, அறுப்பதைப் பற்றித்தான். இந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றியது பெரும்பாலும் நோயுற்ற, செத்த பறவைகளைத் தொட்டு, அறுத்து, இறகு பிடுங்கியதால்தான். அதனால் வீட்டு வாத்தை இந்த முறை கொல்லையில் அறுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சோர்ந்து கிடந்தாலோ செத்தாலோ யாரும் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகளைக் கூண்டுப் பக்கமே விடாதீர்கள். 2014இலும் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அங்கே எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவி, வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்கள். விற்பனைக்குத் தடை போட்ட பகுதியிலிருந்து யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் வைரஸ் சாகாது. பச்சைக் கறியைக் குழாயடியில் தெறிக்கத் தெறிக்கக் கழுவ வேண்டாம். கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் வெங்காயம் நறுக்குங்கள். முட்டையும் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகட்டும், ஆஃப் பாயில் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.