கேசட், சிடி, எம்பி3, ஃபிளாக்: சொந்தப் பாட்டுச் சேமிப்புக்கு எது நல்லது?

கடலூரில் வீடு, அப்பா சேர்த்த கேசட்டும் சிடியும் பெட்டி நிறைய இருக்கின்றன, எந்த வடிவத்துக்கு மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேசட்டைக் கவனியுங்கள். கடலோர ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சிடிக்கு அவ்வளவு அவசரமில்லை.

கணினியில் ஏற்றும்போது ஃபிளாக்கே (FLAC, ஒலியை இழக்காமல் சுருக்கும் கோப்பு வடிவம்) சரி. ஒரு மணி நேர சிடி சுமார் 635 எம்பி. ஃபிளாக்கில் ஒலி எதையும் இழக்காமல் பெரும்பாலும் 300-400க்குள் அடங்கிவிடும். எம்பி3, காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட விவரங்களை வெட்டித்தான் சிறிதாகிறது. வெட்டியது திரும்ப வராது. ஃபிளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி பஸ்ஸில் கேட்க 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட், எம்பி3-இன் உயர்ந்த தரம்) எம்பி3 தாராளம். அந்த ஹாரன் சத்தத்தில் வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது?

அப்புறம், இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். 2011இல் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த ஊர். ஒன்றை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.