வாசகர் கேள்வி – பதில்: ஒரே டப்பாச் சாயம்

கேள்வி: 2021இல் வெளிவந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தில் கடைக்காரப் பாட்டியாக வருபவர், அதே கதையின் பழைய படத்தில் ஆடிய இளம்பெண்தான் என்று என் பேத்தி சொன்னதால், பழைய படத்தையும் தேடிப் பார்த்தோம். அதில் அவர் முகத்தில் அப்பியிருக்கும் பழுப்புச் சாயம் எதற்காக? ஆஸ்கார் வாங்கியவர் பிறகு எங்கே போனார்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவர் ரீத்தா மொரேனோ. 1931இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்து, ஐந்து வயதில் தாயோடு கப்பலேறி நியூயார்க் போனவர். தம்பி ஊரிலேயே தங்கிவிட்டான். தாய் தையல் வேலை செய்து மகளை வளர்த்தார்.

சாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நியூயார்க் தெருக்கும்பல்களின் மோதலைச் சொல்லும் அந்த 1961ஆம் ஆண்டுப் படத்தில் போர்ட்டோ ரிக்கோக்காரர்களாக வரும் எல்லாருக்கும் ஒரே பழுப்பு நிறத்தைப் பூசினார்கள். அந்தத் தீவின் மக்களில் வெளுத்தவரும் கறுத்தவரும் மாநிறத்தவரும் உண்டு என்று மொரேனோ எடுத்துச் சொன்னபோது, ஒப்பனைக்காரர் அவரையே இனவெறி பிடித்தவரா என்று திருப்பிக் கேட்டதாக அவர் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், நாயகி மரியாவாக நடித்த நட்டாலி வுட் ரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணனாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளியினர். உண்மையிலேயே அந்தத் தீவில் பிறந்த மொரேனோவுக்கும் அதே டப்பாதான்!

அதற்கு முன்பும் அவர் நிலை இதுதான். 1956இல் வந்த ‘த கிங் அண்ட் ஐ’ படத்தில், சயாம் அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட பர்மியப் பெண் துப்திமாக நடித்தார். (அதே அரசரின் கதையை 1999இல் வேறொரு குழுவினர் படமாக்கியபோது ஈப்போவில் படப்பிடிப்பு நடந்ததை நம் பேராக் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) எந்த நாட்டுப் பெண்ணாக நடித்தாலும் ஒரே கொச்சை உச்சரிப்பை வைத்துச் சமாளித்ததாக அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்னார். தோட்டத்துப் பெண் என்றதும் கொண்டையும் வெற்றிலையும் உரத்த குரலும் போதும் என்று நினைக்கும் நம் நாடகக்காரர்கள் சிலருக்கு இது புதிய செய்தியாக இராது.

1962இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. நடிப்புக்காக அப்பரிசைப் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் அவரே. ஆனால், பிறகு வந்தவையெல்லாம் அதே தெருக்கும்பல் பெண் வேடங்களாகவே, அதிலும் சிறியவையாகவே இருந்ததால், அவற்றை ஒதுக்கிவிட்டு ஏறத்தாழ ஏழாண்டுகள் திரைப்படமே இல்லாமல் இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவரைக் காணாததற்குக் காரணம் இதுதான். அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1964இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறினார். பின்னர், சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைத்தட்டுக்காக கிராமி, 1975இல் மேடை நாடகத்துக்காக டோனி, 1977இல் ‘த மப்பெட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எம்மி எனப் பரிசுகள் ஒவ்வொன்றாக வந்தன.

கேள்வி: ஹாலிவுட்டில் ரீத்தா மொரேனோவுக்கு முன்னோடி எவரும் இல்லையா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: உண்டு. மெக்சிகோவின் துராங்கோவில் 1904இல் பிறந்த டொலோரஸ் டெல் ரியோ, பேசாப்படக் காலத்திலேயே ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம். வாய் திறக்காத படத்தில் எவருடைய உச்சரிப்பும் காதில் விழாது அல்லவா? படங்கள் பேசத் தொடங்கிய பிறகே அவரை ‘வெளிநாட்டு அழகி’ வேடங்களுக்குள் அடைக்கத் தொடங்கினார்கள். மெக்சிகோவுக்கே திரும்பி 1943இல் ‘மரியா கண்டலேரியா’வில் நடித்தார், அப்படம் 1946இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த பரிசு பெற்றது. என் கருத்தில், மொரேனோவின் ஏழாண்டு மறுப்பைவிட இந்தத் திரும்புதலே துணிச்சலானது. சொந்த ஊரில் முதலிலிருந்து தொடங்குவது எளிதன்று.

கேள்வி: ஆஸ்கார் வாங்கியபோது உடுத்திய கவுனையே மொரேனோ மறுபடியும் அணிந்தது உண்மையா? தையற்கடை வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான். பிலிப்பைன்ஸில் படப்பிடிப்பில் இருந்தபோது மணிலாவில் தைத்த கவுன் அது. பாவாடைப் பகுதிக்கு, ஜப்பானியப் பெண்கள் கிமோனோவின் மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் கனத்த பட்டைத் துணியைப் பயன்படுத்தியிருந்தார்கள். 2018 ஆஸ்கார் விழாவுக்கு, 86 வயதில், அதையே அணிந்து வந்தார். கழுத்துப் பகுதியை மட்டும் வெட்டித் திருத்தியிருந்தார்கள். பாவாடையில் கை வைக்கவில்லை.