வீட்டில் கர்நாடக இசை: பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

குழந்தைகளுக்குக் கர்நாடக இசையையும் அதை இயற்றியவர்களையும் வீட்டிலேயே எப்படி அறிமுகப்படுத்தலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் சிறுவர்களுக்கு வாய்ப்பாட்டு கற்பிக்கும் ஆசிரியை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மூன்று வயதுச் சிறுமியின் தாய், கோவை): எனக்கும் கணவருக்கும் சங்கீதம் தெரியாது. ஒரு ராகத்தைக் கூட அடையாளம் சொல்ல வராது. நாங்கள் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள். கேட்ட கதையையே "மறுபடியும் சொல்லு" என்று நச்சரிக்கிற வயது இது. இசைக்கு இதைவிட நல்ல வயது கிடையாது. மாதம் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்டால் உங்களுக்கு அலுக்கும், அவளுக்கு அலுக்காது.

எந்தப் பாட்டு என்று கேட்டால், ஊத்துக்காடு வேங்கடகவியின் "தாயே யசோதா"வைச் சொல்வேன். கோபியர் யசோதையிடம் வந்து கண்ணன் செய்த சேட்டைகளைச் சரணம் சரணமாக முறையிடுகிறார்கள். தன் வயதுக் குறும்பன் ஒருவன் மேல் இத்தனை புகாரா என்று குழந்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். ராகம் தோடி. பாடுவதற்குக் கடினமான ராகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்கிற குழந்தைக்கு அந்தப் பயம் இல்லை. தூங்க வைக்கும் நேரத்துக்கு பாரதியின் "சின்னஞ்சிறு கிளியே" இருக்கவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். சமையலறையில் நீங்கள் வேலையாக இருக்க, கூடத்தில் பாட்டு தனியாக ஓடிக்கொண்டிருப்பது போதாது. தினம் பத்து நிமிடம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள். அம்மா ரசிக்கிறாள் என்பதைக் குழந்தை பார்க்க வேண்டும்.

கேள்வி (ஆறு வயது மகனின் தந்தை, திருச்சி): கர்நாடக இசை மும்மூர்த்திகளின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறேன். நல்ல முறைதானே?

பதில்: வேண்டாம். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775 என்று அவன் ஒப்பித்துவிடுவான். மூவரில் ஒருவர் பாட்டாவது அவன் காதில் நின்றிருக்காது. முதலில் பாட்டு வரட்டும். பாட்டு பிடித்துப்போனால் "இதை யார் பாடினார்கள்?" என்று அவனே கேட்பான். அப்போது சொல்கிற பெயர் மறக்காது.

ஆறு வயதுக்கு, மேற்கத்திய மெட்டில் அமைந்த தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இளம் வயதில் அவர் குடும்பத்தோடு சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள், எழுதினார். எல்லாமே சங்கராபரண ராகம், எல்லாமே சின்னச் சின்னப் பாட்டுகள், ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் கிடையாது. "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. "சியாமளே மீனாக்ஷி"யைப் போட்டுக் காட்டுங்கள். பள்ளியில் பாடுகிற "ட்விங்கிள் ட்விங்கிள்" மெட்டு அதில் கேட்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அந்தக் காலத்தில்தான் வயலின் கற்றார். கர்நாடகக் கச்சேரியில் இன்று வயலின் இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு அது ஒரு தொடக்கம் என்பதையும் சொல்லுங்கள்.

திருச்சியில் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாரூருக்குப் போய் வாருங்கள். மூவரும் பதிமூன்று ஆண்டுகளுக்குள் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள். கமலாலயக் குளத்தின் படிகளில் உட்கார்ந்து மூவர் பாட்டிலும் ஒவ்வொன்றைக் கேளுங்கள்.

கேள்வி (எட்டு வயதுச் சிறுமியின் தாய், டொராண்டோ): மகளுக்குத் தமிழ் ஓரளவுக்குத்தான் புரியும். தெலுங்கும் சமஸ்கிருதமும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொருள் புரியாமல் கேட்டு என்ன பயன் என்கிறாள்.

பதில்: நியாயமான கேள்விதான். கதை சொல்லும் தமிழ்ப் பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் "யாரோ இவர் யாரோ" இருக்கிறது. மிதிலையின் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையை முதன்முதலாகப் பார்த்த இராமன் பாடுவது. ராமாயணம் தெரிந்த குழந்தைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். திருப்புன்கூரில் நந்தனார் கோயிலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே நந்தி சுவாமியை மறைக்கிறது. "சற்றே விலகி இரும் பிள்ளாய்" என்று சிவன் நந்தியிடம் சொல்கிறார். பூர்விகல்யாணி ராகம். அந்தக் கோயிலில் நந்தி இன்றும் நேர்கோட்டிலிருந்து விலகித்தான் இருக்கிறது. படம் காட்டுங்கள். "அவர் ஏன் உள்ளே போகவில்லை?" என்று எட்டு வயதுக் குழந்தை நிச்சயம் கேட்கும். மழுப்பாதீர்கள். சாதியின் பெயரால் அவரை உள்ளே விடவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் அந்தப் பாட்டின் கனிவு புரியும்.

தெலுங்குப் பாட்டுக்குப் பல்லவியின் பொருளை ஒரே வரியில் சொன்னால் போதும். முழு உரை வேண்டாம்.

கேள்வி (ஐந்து வயது இரட்டையரின் அம்மா, சேலம்): ஒரு நிமிடம் கூட உட்கார மாட்டார்கள். என்ன செய்ய?

பதில்: உட்கார வைக்க வேண்டாம். "தகிட" மூன்று, "தகதிமி" நான்கு, "தகதகிட" ஐந்து. சொல்லிக்கொண்டே கூடத்தில் நடக்கட்டும், குதிக்கட்டும். ஒருவன் மூன்றிலும் மற்றவன் நான்கிலும் நடந்தால் பன்னிரண்டாவது அடியில் இருவரும் சேர்ந்து வருவார்கள். பிறகு ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு. பாட்டு ஓடும்போது நீங்கள் போடுங்கள், பார்த்துப் போட்டுவிடுவார்கள்.

கேள்வி (பத்து வயது மகனின் தாய், பெங்களூரு): மகன் கீபோர்டில் மேற்கத்திய இசை கற்கிறான். நடுவில் கர்நாடக இசையையும் கொண்டுவந்தால் குழம்ப மாட்டானா?

பதில்: குழம்ப மாட்டான். அந்தக் கீபோர்டே உங்களுக்கு நல்ல துணை. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அவை இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் பிரிந்திருக்கும். மூன்று இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையை ஸட்ஜமாக, அதாவது முதல் ஸ்வரமான ஸ என்று வைத்து, அடுத்த ஸட்ஜம் வரை கறுப்பிலேயே ஏறி இறங்கினால் மோகனம். அதே கூட்டத்தின் இரண்டாவது கட்டையில் தொடங்கினால் மத்யமாவதி, மூன்றாவதில் ஹிந்தோளம். இரண்டு இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையில் தொடங்கினால் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான், தொடங்கும் இடம் மாறினால் ராகம் மாறிவிடுகிறது. இதற்கு கிரக பேதம் என்று பெயர். பத்து வயதுப் பையன்கள் இதில் மணிக்கணக்காக மூழ்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஸட்ஜத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், அவன் மேலே வாசிக்கட்டும். அந்த ஆதாரச் சுருதி இல்லாவிட்டால் எந்த ராகம் என்று காதுக்குத் தெரியாது.

கட்டையில் கிடைப்பது ஸ்வரங்கள்தான், ராகம் முழுமையாகக் கிடைக்காது. ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுகிற கமகம் கீபோர்டில் சரியாக வராது. அதனால் ஹிந்தோளத்தைத் தடவிப் பார்த்த அன்றே நல்ல பாடகர் ஒருவர் பாடிய ஹிந்தோளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தியாகராஜரின் "சாமஜ வர கமனா" போதும்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தந்தை): நான் பாடுவேன். மகள் கூடப் பாடினால் குரல் அடங்கிப்போகிறது. அவளுக்குக் குரல் இல்லையோ?

பதில்: நீங்கள் ஒரு கட்டையில் பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டை என்பது இங்கே சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி உயரும். அது உங்கள் குரலுக்கான சுருதி. குழந்தைகள் பலருக்கு ஐந்து கட்டையை ஒட்டித்தான் குரல் திறக்கும். சுருதிப் பெட்டியிலோ கைபேசிச் செயலியிலோ அவள் சுருதியை வைத்து, அவளைப் பாடவிட்டு நீங்கள் கேளுங்கள். கத்தச் சொல்லாதீர்கள்.

கேள்வி (பலர்): எந்த வயதில் வகுப்பில் சேர்ப்பது?

பதில்: தானாகவே பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு. பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் அது நடக்கும். வகுப்பில் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற முதல் ஸ்வரப் பயிற்சியைத் தொடங்குவார்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறை, வேறு எதையும்விட நான் நம்பும் முறை. ஆனால் முதல் ஆண்டு முழுவதும் பயிற்சிதான். வீட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, இந்தப் பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். கேட்காத குழந்தை ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறது.

கேள்வி (ஏழு வயதுச் சிறுவனின் பாட்டி, மயிலாப்பூர்): மார்கழியில் பேரனைக் கச்சேரிக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. மாலைக் கச்சேரி வேண்டாம். பல சபாக்களில் பிற்பகலில் டிக்கெட் இல்லாமலே இளைஞர்கள் பாடுவார்கள். கதவுக்கு அருகே ஓர இருக்கையில் உட்காருங்கள். முந்தைய நாள் வீட்டில் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் எது எப்படி ஒலிக்கும் என்று காட்டிவிடுங்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும்போது எது வாசிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அவன் கண்டுபிடிக்கட்டும். அது முடிந்து அவன் எழுந்தால் நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள். மிச்சத்தை அடுத்த வாரம் கேட்கலாம். கபாலீசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, பங்குனித் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் புறப்பாட்டுக்கே உரிய மல்லாரி வாசிப்பார்கள். அவன் வீதியில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்கட்டும், யாரும் அங்கே அவனைச் "சும்மா இரு" என்று சொல்ல மாட்டார்கள்.