கிடங்குக்குப் பெட்டி கட்டுவோர் கேட்டவை

அமேசானில் விற்பதற்காகக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து அமேசான் கிடங்குக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும் அனுப்பப்போகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. மாம்பழம் அனுப்பலாமா என்று கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதப்படுத்தாத பழம் அந்தக் கிடங்குக்குப் போகாது. மாங்காய் ஊறுகாய், பாட்டிலில் அடைத்த மாம்பழக் கூழ் என்றால் பேசலாம்.

போச்சம்பள்ளி: அண்ணா, அரைக் கிலோ கொட்டை எடுத்த புளி போடுகிறேன். இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. கிடங்கில் பாதி பவுச்சை ‘சேதம்’ என்று ஒதுக்குகிறார்கள். ஏன்?

கொட்டையை எடுத்த பிறகும் புளியில் ஓட்டுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி. மேலே பத்துப் பவுச் அழுத்தும்போது அது ஊசி மாதிரி உறையைக் குத்தும். கண்ணுக்குத் தெரியாத துளை போதும். புளி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகும், கசியும், பக்கத்துப் பவுச்செல்லாம் பிசுபிசுக்கும். அங்கே எடுத்துப் பார்க்கிறவர் கையில் ஒட்டினால் அதை விற்பனைச் சரக்கு வைக்கும் அடுக்குத் தட்டில் வைக்க மாட்டார்.

அதனால் முதல் வேலை ஓடு பொறுக்குவது. அதற்குக் கூலி கொடுக்க யோசிக்காதீர்கள். அப்புறம் புளியை மெல்லிய பாலிதீன் பையில் போட்டு, அதை லேமினேட் பவுச்சுக்குள் வையுங்கள். சீல் விழும் இடத்தில் துளி புளி ஒட்டியிருந்தாலும் அங்கே சீல் பிடிக்காது. நிரப்பும்போது வாய்ப்பக்கம் படாதபடி அகலமான புனல் வையுங்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பவுச்சை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மிஷின் சூட்டைச் சரிபார்த்துவிட்டு, அந்தக் கட்டு முழுவதையும் திரும்பப் பாருங்கள்.

வெளிப்பெட்டி 5 பிளை, அதாவது ஐந்தடுக்கு அட்டை. உள்ளே இடம் மிஞ்சினால் பெட்டியின் உயரத்தை வெட்டிக் குறையுங்கள், இல்லையென்றால் முழுத்தாளாகக் கசக்கிய காகிதம் வையுங்கள். தெர்மாகோல் உருண்டை, துண்டு துண்டாய்க் கிழித்த காகிதம் இரண்டையும் அங்கே ஏற்க மாட்டார்கள். பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பது என் பழக்கம். தூக்குகிறவருக்குக் கனமாக இருந்தால் பெட்டி கீழே விழும், அவ்வளவுதான்.

பர்கூர்: சேலைக்குக் கடையில் போடும் கவரே போதுமா?

போதாது. வாய் திறந்த கவர் கிடங்கில் செல்லாது, நான்கு பக்கமும் மூடியிருக்க வேண்டும். கவரின் வாய் 5 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் மூச்சுத்திணறல் எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். சேலைக் கவர் எல்லாமே அதைவிட அகலம்தான். பிளவுஸ் துணி தனியாக இருந்தால் சேலையோடு ஒரே கவரில் போட்டு, ‘செட், பிரிக்கக் கூடாது’ என்ற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இல்லையென்றால் கிடங்கில் அது இரண்டு பொருளாகிவிடும்.

பாலக்கோடு: எஃப்.என்.எஸ்.கே.யு. லேபிளை எங்கே ஒட்டுவது?

அது உங்கள் சரக்கு என்று காட்ட அமேசான் தரும் பார்கோடு லேபிள். பொருளின் தட்டையான பக்கத்தில் ஒட்டுங்கள். மடிப்பிலும் மூலையிலும் சீல் மேலும் ஒட்டாதீர்கள். பொருளில் ஏற்கெனவே இருக்கும் பார்கோடை அந்த லேபிளாலேயே மறைத்துவிடுங்கள். எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், நிகர எடை, 14 இலக்க உணவு உரிம எண் இவற்றை மட்டும் மறைக்காதீர்கள். அவை சட்டப்படி வெளியே தெரிய வேண்டியவை.

ஊத்தங்கரை: லேபிளை எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் சார்?

மேலே பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பார்கோடுதான் கண்ணில் படலாம். இரண்டு தெரிந்தால் ஸ்கேனர் எதைப் படிக்குமோ அதுதான் உங்கள் சரக்கு.

ஓசூர்: பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னை 300. நான் ஏன் சென்னைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். லாரி வாடகையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டினால் வேறு மாநிலம். தமிழ்நாட்டுக் கிடங்கு என்றால் அதன் முகவரியை உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்தால் போதும். கர்நாடகக் கிடங்குக்குக் கர்நாடகத்தில் தனிப் பதிவு வேண்டும். ஒரே ஆள், ஒரே பான் எண் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அந்த இரண்டு பதிவும் இரண்டு நபர்கள். இங்கிருந்து அங்கே சரக்கு நகர்ந்தாலே விற்பனைபோல வரிப் பில் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) கட்ட வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வண்டியில் போகும் சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டும்.

காவேரிப்பட்டணம் (இடையில்): புளிக்குத்தான் வரியே இல்லையே அண்ணா, அப்புறம் என்ன?

காய்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து வரி இல்லை, சரி. ஆனால் வரி இல்லாததும் பதிவு இல்லாததும் வேறு வேறு. அந்த மாநிலப் பதிவு எண்ணைக் காட்டாமல் அந்தக் கிடங்கு உங்களுக்குத் திறக்காது.

ஓசூர்: கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யைக் கர்நாடகப் பதிவில் வரவு எடுத்து, பின்னால் கட்டும் வரியில் கழிக்கலாமே. நஷ்டம் எங்கே?

நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. சரக்கு விற்கும்வரை அந்தப் பணம் முடங்கும், இரண்டு பதிவுக்கும் தனித்தனியாக ரிட்டர்ன் (வரிக் கணக்கு) தாக்கல், ஆடிட்டருக்கு இரண்டு கட்டணம். மாதம் நாலு பெட்டி அனுப்புகிறவருக்கு இது தலைவலி.

கிருஷ்ணகிரி: நான் இரண்டு மாநிலத்திலும் பதிவு வைத்திருக்கிறேன். பெங்களூருக்காரர்களுக்கு மறுநாளே பொருள் போகிறது, விற்பனை ஏறியது. புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

உங்களுக்கு ஓட்டம் இருக்கிறது, கணக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். இன்று முதல் பெட்டி கட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் அவர் பெட்டியை விட்டுவிட்டுப் பதிவு வேலையில் மூன்று மாதம் அலைவார். முதலில் தமிழ்நாட்டுக் கிடங்கில் சரக்கு ஓடுகிறதா என்று பாருங்கள், ஓசூர்க்காரரே. இதற்கு மேல் வரிச் சண்டை இங்கே வேண்டாம், ஆடிட்டர் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாகரம்: சாமை, ராகி மாவு?

காலாவதித் தேதி ஒவ்வொரு பாக்கெட்டிலும் வேண்டும், வெளிப்பெட்டியிலும் பெரிய எழுத்தில் வேண்டும். ஒரு பெட்டிக்குள் ஒரே தேதிச் சரக்கு மட்டும் வையுங்கள் அக்கா. மாவு வேகமாக வண்டு பிடிக்கும், அரைத்த வாரமே அனுப்புங்கள்.

ஜெகதேவி: கிரானைட்டில் சின்ன இடிகல் செய்கிறோம். எப்படிக் கட்டுவது?

நல்ல கேள்வி. கல் உடையாது என்று நினைப்பீர்கள், ஆனால் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். உலக்கையை உரலுக்குள் அப்படியே போடாதீர்கள். தனியாக பப்பிள் ஷீட் சுற்றுங்கள், இல்லையென்றால் குலுங்கக் குலுங்க உள்ளிருந்தே உரலை அடிக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் அளவாக ஒரு பெட்டி, பக்கத்துக்கு 2 அங்குல மெத்தை. கட்டி முடித்ததும் 3 அடி உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுங்கள்: அடிப்பக்கம், மேல்பக்கம், நீளப்பக்கம், குட்டைப்பக்கம், ஒரு மூலை. பிரித்துப் பார்த்து ஒரு சில்லும் இல்லையென்றால் அனுப்பலாம். உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்யுங்கள், காலில் விழும்.

காரிமங்கலம்: லேபிள் பார்கோடுக்கு மேலேயா கீழேயா?

பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தருமபுரி: மளிகைக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டியில் அனுப்பலாமா?

மூலை விறைப்பாக இருந்தால் அனுப்பலாம். அட்டைப் பெட்டியின் பலம் மூலையில்தான், மூலை நசுங்கியதைத் தொடாதீர்கள். பழைய லேபிளையும் பார்கோடையும் மொத்தமாக உரித்து எடுங்கள். பேனாவால் கிறுக்கினால் ஸ்கேனர் அதையும் படித்துத் தொலைக்கும். பிஸ்கட் கம்பெனிப் பெட்டியில் போன புளி எந்தத் தட்டுக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.