நியூயார்க் 1789: அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடலாமா?

கேள்வி: 1789 முதல் 1832 வரை அமெரிக்க அதிபர் தேர்தல்களில் நியூயார்க் மாநிலம் அளித்த வாக்குகளை அட்டவணையாகத் தொகுக்கிறேன். 1789க்கு எந்த எண்ணும் இல்லை. பிறகு வந்த பல தேர்தல்களுக்கு மக்கள் வாக்கு கிடைக்கவில்லை. பூஜ்யம் என்று நிரப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். பூஜ்யம் என்றால் தேர்தல் நடந்தும் ஒருவரும் வாக்களிக்கவில்லை என்று பொருளாகிவிடும். உங்கள் அட்டவணையில் இருப்பவை இரண்டு வகை வெற்றிடங்கள்.

அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை அளிப்பவர்கள், ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் நியமிக்கப்படும் தேர்வாளர்கள் (electors). 1789இல் நியூயார்க்குக்கு உரிய தேர்வாளர்கள் 8 பேர். அவர்களை எந்த முறையில் நியமிப்பது என்பது மாநிலச் சட்டமன்றத்தின் பொறுப்பு. அங்கேதான் சிக்கல். கீழவை, புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்தவர்களின் கையில் இருந்தது; மேலவை, அதை ஆதரித்த ஃபெடரலிஸ்டுகளின் கையில். இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து வாக்களிக்கலாம் என்றது கீழவை. தலை எண்ணினால் தோற்போம் என்று தெரிந்த மேலவை, இரு அவைக்கும் சம அதிகாரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. இழுபறியிலேயே கெடு முடிந்துபோனது. வாஷிங்டன் பெற்ற 69 வாக்குகளில் நியூயார்க்குடையது ஒன்றுகூட இல்லை. அவர் ஏப்ரல் 30 அன்று பதவியேற்றதோ நியூயார்க் நகரத்தில்! கல்யாணம் நம் வீட்டில், பந்தியில் நமக்கு இலை இல்லை என்ற கதைதான். இதே சண்டையால் அந்த மாநிலத்துக்கு ஜூலை வரை செனட்டர்களும் இல்லை. இந்தக் கட்டத்தில் 'தேர்வாளர் நியமிக்கப்படவில்லை' என்று எழுதுங்கள்.

1792 முதல் 1824 வரை கதை வேறு. சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்ததால் தேர்வாளர் வாக்கு உண்டு, மக்கள் வாக்கு கிடையாது. 'பொருந்தாது' என்று குறிப்பிடலாம். 1800இல் மக்களின் மனநிலையை அறிய விரும்பினால், அந்த ஆண்டு வசந்தகாலத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். நியூயார்க் நகரத்தில் ஜெஃபர்சன் கட்சியின் ஆரன் பர் திரட்டிய வெற்றிதான் 12 தேர்வாளர்களையும் அதிபர் வேட்பாளர் ஜெஃபர்சன் பக்கம் கொண்டுபோனது. பதறிய ஃபெடரலிஸ்ட் தலைவர் ஹாமில்டன், தேர்வாளர்களை நியமிக்கும் விதியை மாற்றும்படி ஆளுநர் ஜான் ஜேவுக்குக் கடிதம் எழுதினார். ஜே அசையவில்லை.

மக்கள் வாக்கு 1828இல்தான் வருகிறது. அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது: வென்றவருக்கே எல்லாம் என்று நிரப்பிவிடாதீர்கள். அந்த ஒரு தேர்தலில் மாவட்டவாரியாக 34 தேர்வாளர்கள் தேர்வாகி, அவர்கள் மேலும் 2 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். வேட்பாளர்களில் ஜாக்சனுக்கு 20 தேர்வாளர் வாக்குகள், ஆடம்ஸுக்கு 16. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணும் முறை 1832இல்தான் தொடங்குகிறது.