வங்கியின் எண்ணிலிருந்தே அழைப்பு வருகிறது. அது எப்படி மோசடியாக இருக்க முடியும்?

இருக்க முடியும். அழைப்பவர் தன் எண்ணுக்குப் பதிலாக வேறொருவர் எண்ணைக் காட்டும் வித்தைக்கு 'ஸ்பூஃபிங்' என்று பெயர். தபால் உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம் அல்லவா? அங்கே யார் பெயரை எழுதினாலும் கடிதம் வந்து சேர்ந்துவிடும். திரையில் தெரியும் எண்ணும் அப்படித்தான். அதை அழைக்கும் பக்கம்தான் அனுப்புகிறது. அது உண்மையா என்று எல்லா நெட்வொர்க்கும் சோதிப்பதில்லை. எஸ்எம்எஸ்ஸில் இது இன்னும் மோசம். அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால், போலிச் செய்தியும் வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"உங்கள் கணக்கிலிருந்து இப்போதே பணம் போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டுமானால் வந்திருக்கும் ஓடிபியைச் சொல்லுங்கள்" என்பார்கள். சரி, அந்த ஓடிபி எதற்கு வந்தது? அவர்கள் தொடங்கிய பரிமாற்றத்துக்கு! அதை நிறுத்த வங்கிக்கு உங்கள் ஓடிபி தேவையே இல்லை. குறுஞ்செய்தியை முழுசாகப் படித்தால், பெரும்பாலும் தொகையும் அதிலேயே இருக்கும். படிக்க விடாமல்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

பேச்சை வளர்க்காமல் போனை வையுங்கள். அப்புறம் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். நீங்கள் அழைத்தால் அழைப்பு உண்மையான வங்கிக்குத்தான் போகும். (மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம், உண்மையான ஊழியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.)

"என் பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாம் சரியாகச் சொன்னாரே" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அவை எங்கோ கசிந்த பட்டியலிலும் கிடைக்கும்.