வாசகர் கேள்வி - பதில்: உப்புக்காற்றில் ஒரு தொங்குதொட்டி

நர்சரியில் வாங்கிய ரோஜா வடிவச் சக்குலென்ட்களை (சதைப்பற்றுச் செடிகளை) கம்பிக்கூடையில் வைத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். ஐப்பசி மழையில் எல்லாம் கூழாகிவிட்டன. மறுபடி எப்படிச் செய்வது?
- வாசகி, தங்கச்சிமடம்

நீங்கள் வைத்தது எச்செவேரியா. பெரும்பாலும் மெக்சிகோ மலைநாட்டுச் செடி. இரவு குளிர வேண்டும். உங்கள் பாம்பன் தீவில் இரவிலும் புழுக்கம்தான், அதை மறந்துவிடுங்கள். ஜேடு, டேபிள் ரோஸ், பிரண்டை மூன்றும் வெயிலையும் கடற்காற்றையும் தாங்கும். விளிம்பில் வழியவிட்டால் பிரண்டைக்கு ஈடான தொங்குசெடி கிடையாது. ஏனோ அதைத் துவையலோடு நிறுத்திவிடுகிறோம்.

நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் வெறும் கோகோபீட்தான் (தேங்காய்நார்த் தூள்) இருக்கும். மேலே காய்ந்து தெரியும், நடுவில் ஈரம் நிற்கும். அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. 10 அங்குலக் கூடைக்குச் சுமார் 4 லிட்டர் கலவை பிடிக்கும். கரட்டு ஆற்றுமணல் 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் ஜல்லி 1 பங்கு, மக்கிய இலையுரம் 1 பங்கு. கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள்: உப்பு ஒருபக்கம், நைசான மணல் இறுகித் தண்ணீரைத் தேக்குவது மறுபக்கம். கூடையின் உட்புறம் தேங்காய்நார் விரிப்பு போதும், பிளாஸ்டிக் தாள் வேண்டாம்.

முற்றிய தண்டுகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, வெட்டுவாய் காயும்வரை நான்கைந்து நாள் நிழலில் போட்டுவையுங்கள். ஒரு கூடைக்கு ஏழெட்டுத் துண்டு. காய்ந்த கலவையிலேயே ஊன்றி, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். உடனே தொங்கவிடக் கூடாது. காற்றில் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். மூன்று நான்கு வாரம் தரையில் இருக்கட்டும். பிறகு விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் ஊற்றுங்கள். இலை சுருங்கியிருந்து மண்ணும் ஈரமாக இருந்தால் அது தாகமில்லை, வேர் அழுகல். நல்ல தண்டை நறுக்கிப் புதிதாக நடுவதே வழி. அடைமழையில் சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஜேடு இலைநுனி கருகுகிறது. மண்மேல் வெள்ளையாகப் படிகிறது. உரம் போடலாமா?
- வாசகர், கீழக்கரை

வேண்டாம், உரமும் உப்புதான். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் இப்படி ஆகும். வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, கூடையின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுதும் வடியவிடுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்யலாம். மழைநீர் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் காரணம் காற்றில் வரும் உப்பு. காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

சங்கிலி துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் அடித்தால் போதுமா?
- வாசகர், தொண்டி

போதாது. கண்ணி ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பெயின்ட் முதலில் உரியும், துரு அங்கிருந்தே தின்னும். கடல் உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர் சங்கிலி வாங்குங்கள். செலவு அதிகம் என்றால் மீன்வலை விற்கும் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. நைலான் கயிறு; வெயிலில் நொய்ந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். நனைந்த கூடை 7 கிலோவுக்குக் குறையாது, கொக்கி 15 கிலோ தாங்க வேண்டும். ஆடிக்காற்றுக்கு முன் முடிச்சையும் கொக்கியையும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.